நான் வீட்டில்தான் இருந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதோடு சரி. மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். தப்பாக நினைக்காதீர்கள். வாயால் சொல்லலாமே என்று கேட்டால், அது இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் ஒன்றுதான். போன ஆடியில், எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நான் வீட்டில்தான் இருந்தேன். நான் வீட்டில் இல்லை என்று ஒருத்தன் எழுதிவிட்டான். தெருவே அதை நம்பியது.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த சந்து ஒன்றில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போனவர். இப்போது இல்லை. நான் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்தேன். முட்டி தேய்ந்த பிறகு வீட்டோடு இருக்கிறேன். எங்கள் சந்தில் யாரும் பகலில் கதவைச் சாத்துவதில்லை. ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருப்போம், அவ்வளவுதான். பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே என்ன ஆச்சோ என்று நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். வருகிறவர்கள் திரைக்கு வெளியே நின்று முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். தட்டுவதுகூட இல்லை.

இந்த ஆன்லைன் சாமான் பழக்கத்தைக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டுப் பெண். டோல்கேட் பக்கம் கூடை வைத்து மீன் விற்கிறாள். கம்பெனியில் மீந்துபோன சாமான், தேதி முடிய இன்னும் கொஞ்ச நாளே இருக்கிற சாமான், அட்டைப்பெட்டி நசுங்கிய சாமான், இதையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற இடம் ஒன்று போனில் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். முதலில் பிஸ்கட் வாங்கினாள். பிறகு எண்ணெய். தேதி முடியப் போகிற மாவை வாங்கலாமா என்று எதிர் வீட்டுக்காரி சந்தேகப்பட்டபோது அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தேதி பாத்துகினு குந்துறதுக்கு நம்ம வூட்ல மாவு எங்க கீது? இன்னிக்கி வந்தா நாளன்னிக்கி டப்பா காலி."

எல்லோரும் சிரித்தோம். உண்மைதானே. மிச்சம் மீதி எங்களுக்குப் புதிது இல்லை. துறைமுகத்துக்குள் வேகனில் சாமான் ஏற்றும்போது கீழே சிந்துகிற கோதுமையைப் பெருக்கிக் கொண்டுவந்து, புடைத்துக் கல் பொறுக்கி, என் அம்மா சோறு போட்டிருக்கிறாள். மலிவாக வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. மலிவாக வாங்குகிறவர்களை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம் என்று ஒருத்தர் நினைப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

எதிர் வீட்டுக்காரிக்கு அந்த வருஷம் ஒரு வேண்டுதல் இருந்தது. அவள் வீட்டுக்காரர் போன படகு எஞ்சின் நின்று கடலில் அலைந்து, வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்து சேர்ந்தது. உயிரோடு வந்தால் பெரிய அண்டாவில் கூழ் ஊற்றுகிறேன் என்று அம்மனுக்குச் சொல்லிவிட்டாள். சந்தில் நாங்கள் சில பேர் சேர்ந்துகொண்டோம். வேண்டுதல் கூழுக்கு இரவல் மாவு ஆகாது என்பது எங்கள் சந்தின் வழக்கம். அவரவர் வாங்கியதாக இருக்க வேண்டும். கேழ்வரகு மாவும் நொய்யும் அந்த மலிவு இடத்தில் மூட்டையாகவே கிடைத்தது. எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டாள் மீன்காரப் பெண். யார் வீட்டு அட்ரஸ் கொடுப்பது என்று பேச்சு வந்தது. அவள் விடியும் முன்பே மீன் எடுக்கப் போய்விடுவாள். எதிர் வீட்டுக்காரி ஐஸ் கம்பெனிக்குப் போகிறவள்.

"பெரிமா அட்ரஸ்ஸே போடு. அது எங்க போவப் போவுது? கோயில் சிலையாட்டம் வூட்லயே கீது" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. என்னையும் ஒரு வேலைக்கு ஆள் என்று கணக்கில் எடுத்தார்களே என்று.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்று போனில் போட்டிருந்தது. கூழ் ஞாயிற்றுக்கிழமை. கூழ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாவை முதல் நாளே கரைத்து வைத்துப் புளிக்க விட வேண்டும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றிக் கிண்ட வேண்டும். புளிக்காத கூழ் கஞ்சிதான். மாவு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாலும் எங்களுக்கு அது வராத மாதிரிதான். இது மாவு அனுப்புகிறவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது.

அந்த வாரம் முழுக்க மீன்காரப் பெண் சாயந்திரம் வந்ததும் கூடையை இறக்கிவிட்டுப் போனைப் பார்த்துச் சொல்லுவாள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது என்பாள். அடுத்த நாளும் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது என்பாள். பிறகு மாதவரம். வியாழக்கிழமை போய்விட்டது, மாதவரத்தை விட்டு நகரவில்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி வந்ததாம், கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. எதற்குச் சிரிக்கிறது என்று நான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மீன்காரப் பெண் டோல்கேட்டிலிருந்து எதிர் வீட்டுக்காரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள், சாமான் வண்டியில் ஏறிவிட்டது, கிளம்பியாச்சு என்று வந்திருக்கிறது, இன்றைக்கே வந்துவிடும் என்று.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள். படகிலிருந்து "கிளம்பியாச்சு" என்று போன் வந்தால் கரையில் இருக்கிறவர்கள் ஐஸ் உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கூடை கழுவுவார்கள், ஏலக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சொல்லைச் சும்மா சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டு வரவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அதே கணக்கில்தான் எதிர் வீட்டுக்காரி அன்றைக்கு ஐஸ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அண்டாவை வாடகைக்கு எடுத்து, கழுவிக் கவிழ்த்து, மாவு கரைக்கப் பெரிய டிரம்மையும் கொண்டுவந்து என் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கோயிலில் மைக் கட்டுகிற ஆளிடம், இந்த வருஷம் பெரிய அண்டா, வெளித்தெரு ஆட்களும் பாத்திரம் கொண்டு வரலாம் என்று சொல்லச் சொல்லிவிட்டாள். அவரும் சொல்லிவிட்டார். பிறகு அவள் கருவாடு வாங்கக் காசிமேட்டுக்குப் போய்விட்டாள்.

நான் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் யாரும் இல்லை. திரையைக்கூட ஒதுக்கிக் கட்டினேன். பழைய சோற்றை வாசற்படியில் உட்கார்ந்து தின்றேன். கொல்லைப்பக்கம் போகவேண்டி வந்தபோதுகூட, போய்விட்டு ஓடி வந்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. ஒரு ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து நின்றேன். மத்தியானம் வெயில் முழுக்க என் வாசலில்தான் அடித்தது. சந்தில் ஒரு வண்டி வரவில்லை. ஒரு ஆள் வரவில்லை.

சாயந்திரம் மீன்காரப் பெண் வந்தாள். கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே போனைப் பார்த்தாள். முகம் மாறியது. எதிர் வீட்டுக்காரியும் கருவாட்டுப் பையோடு வந்து சேர்ந்தாள்.

"இன்னா பெரிமா, எங்கனா போய்ட்டியா?" என்றாள் மீன்காரப் பெண்.

"நான் எங்க போவேன்?"

"கஸ்டமர் வூட்ல இல்லைனு போட்டுகீறான். வந்து பாத்துட்டுத் திரும்பிட்டானாம்."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கு அப்படித்தான் ஆகும். பொய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்தால் எவருக்குத்தான் சந்தேகம் வராது? போதாதற்கு, கேஸ் ஆள் வந்தாலோ ஓட்டு லிஸ்ட் சரி பார்க்கிறவர்கள் வந்தாலோ நான் அடுப்படிக்குள் நுழைந்துகொள்வேன் என்பது சந்துக்கே தெரியும். எதிர் வீட்டுக்காரி அதைத்தான் எடுத்தாள். நான் வெளியே போயிருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. உள்ளேயே இருந்துகொண்டு ஆளைப் பார்த்துப் பயந்து ஒளிந்திருப்பேன் என்றாள்.

"ஆம்பள ஆளு வந்து நின்னுகீறான், இது உள்ள பூந்துகினு கம்முனு இருந்துகீது. வாயத் தொறந்து ஒரு குரல் குடுத்தா இன்னா, முத்தா உதிர்ந்துடும்?"

யாரும் வரவேயில்லை என்று நான் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. போனில் பொய் வருமா என்று யாரோ கேட்டார்கள். அதுதான் பேச்சு. போனில் பொய் வருமா. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சந்தில் ஒரு பொய் சொல்லாமல் இருந்தவள் பேச்சுக்கு ஒரு கணக்கு, முகம் தெரியாதவன் போனில் தட்டியதற்கு ஒரு கணக்கு.

மறுநாள் சனிக்கிழமை. மறுபடி வருவார்கள் என்று காத்திருந்தோம். போன் எதுவும் சொல்லவில்லை. வெயில் ஏறியபோது எதிர் வீட்டுக்காரி பொறுக்க மாட்டாமல் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், கையில் இருந்ததற்கு முழு விலையில் கொஞ்சம் மாவு வாங்கி வந்தாள். பெரிய டிரம்மின் அடியில் அந்த மாவு ஒரு கை உயரத்துக்குக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். வெளித்தெருவிலிருந்து, மைக்கில் கேட்டுவிட்டு, தூக்கும் சொம்புமாக வந்தவர்கள் கோயில் மூலை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். பாதி வரிசைக்கு முன்னாலேயே அகப்பை அண்டாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போனவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். ஏன் தீர்ந்துபோச்சு என்று ஒருத்தர் கேட்டதற்கு எதிர் வீட்டுக்காரி கையை நீட்டி என்னைக் காட்டினாள். மாவு வந்ததாம், வாங்க ஆள் இல்லையாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். தலையைத் தூக்கவில்லை. வெங்காயம் என்பதால் அழுததும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மீன்காரப் பெண் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். அவளுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம். நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன், இரக்கம்தான். பதில் உடனே வந்தது. சாமானைத்தான் உடனே அனுப்ப முடியாது போலிருக்கிறது, பதிலை முடிகிறது. அவள் படித்துக் காட்டினாள். அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் பதிவின்படி எங்கள் ஊழியர் உங்கள் இல்லத்துக்கு வந்தபோது நீங்கள் அங்கு இல்லாததே தாமதத்துக்குக் காரணம். அப்புறம் நன்றி, வணக்கம். அந்த மரியாதை எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பாழாய்ப் போனவளே என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குப் பயம்தானே பழக்கம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது, அது பயம் இல்லை.

சாமான் இப்போது எங்கே இருக்கிறது என்று, மீன் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த மீன்காரப் பெண்ணைக் கேட்டேன். போனைப் பார்த்து, திருவொற்றியூர் என்றாள். திருவொற்றியூரில் எங்கே என்றேன். தேடிப் பார்த்தாள். காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஒரு கடைதான் அவர்களுடைய கிடங்காம். எதிர் வீட்டுக்காரி முழு விலைக்கு மாவு வாங்கினாளே, அந்தக் கடைக்குப் பின்தெரு. எங்கள் வீட்டிலிருந்து என் முட்டியோடு நடக்கக்கூடிய தூரம். நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் எங்கள் மாவு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

"இட்டுகினு போ என்னை" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு மீன் எடுக்கப் போகவில்லை. அதற்கு நான் என்றைக்கும் அவளுக்குக் கடமைப்பட்டவள்.

கிடங்கில் ஒரு சின்னப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். மீன்காரப் பெண் ஆர்டர் நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண் கணினியில் பார்த்துவிட்டு, சாமான் இங்கேதான் இருக்கிறது, ஆனால் இங்கே கையில் கொடுக்க ரூல் இல்லை, வீட்டுக்குத்தான் வரும் என்றாள். எப்போது வரும் என்றதற்கு, ஆஃபர் சாமானையெல்லாம் வண்டியில் இடம் இருந்தால்தான் கடைசியாக ஏற்றுவோம் என்று சாதாரணமாகச் சொன்னாள். மற்ற சாமான் போனபிறகு, இடம் மிஞ்சினால். மிச்ச சாமானுக்கு மிச்ச இடம்.

நான் அவளைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் அடியில் கிடந்தன எங்கள் மூட்டைகள். மேலே யாருடைய மின்விசிறிப் பெட்டிகளோ அடுக்கியிருந்தன. ஒரு மூட்டை ஓரம் கிழிந்து மாவு தரையில் கொட்டியிருந்தது. அதன்மேல் செருப்புத் தடம். ஒன்றல்ல, போகவும் வரவுமாக நிறைய. சாமிக்கு நேர்ந்த மாவு. அந்த வரிசையில் நின்று திரும்பிப் போனவர்களின் வயிற்றுக்குப் போக வேண்டிய மாவு.

அப்போதுதான் எங்கள் ஏரியாவுக்கு வண்டி ஓட்டுகிற ஆள் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிப் பேண்ட், கம்பெனி டீ-ஷர்ட். இவர்தான் போன வெள்ளிக்கிழமை வந்தவர் என்று அந்தப் பெண் கையைக் காட்டினாள். நான் அவர் எதிரில் போய் நின்றேன். வெளி ஆம்பளை ஒருத்தர் முகத்தை நேராகப் பார்த்து நான் பேசியது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்குத் தெரியாது.

"வூட்டுக்குத்தான வரும்? ஏத்து. இப்பவே வா. நான் முன்னால போறேன், நீ பின்னால வா" என்றேன்.

அவர் ரூட், லைன் என்று ஏதோ சொன்னார். நான் நகரவில்லை. மீன்காரப் பெண் அவள் பங்குக்கு மார்க்கெட் குரலை எடுத்தாள். அவள் குரல் எடுத்தால் டோல்கேட்டில் பஸ் நிற்கும். பின்தெருவில் ஆள் கூடிவிட்டது. கடைசியில் அந்த மேஜைப் பெண்ணே ஏற்றித் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றினார். பாட்டி, ஏறி உட்காருங்கள் என்றார். நான் ஏறவில்லை. நடந்தேன். மீன்காரப் பெண் கெஞ்சினாள், வெயில், முட்டி, எல்லாம் சொன்னாள்.

"நான் ஏறிட்டா வழி தெர்லைனு எழுதிடுவான்" என்றேன்.

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வால் நீட்டிக்கொண்டு நின்றன. நான் ஓரமாக நடக்க, லோடு ஆட்டோ எனக்குப் பின்னால் ஆமை மாதிரி ஊர்ந்து வர, மீன்காரப் பெண் பக்கத்தில் வந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் என்ன ஊர்வலம் என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது.

சந்து முனையில் வண்டி திரும்பியதும் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரி சாப்பிட வந்திருந்தாள், எச்சில் கையோடு வாசலில் நின்றாள். அவளே கேட்டாள், நான் கேட்கச் சொல்லவில்லை.

"இன்னா நைனா, வெள்ளிக்கெழம வந்தியாமே? ஆயா இல்லியா வூட்ல?"

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எழுதியதை மாற்றிச் சொன்னால் வேலைக்கு வினை என்று நினைத்திருப்பார்.

"வந்தேன்மா. ரெண்டு வாட்டி பெல் அடிச்சேன். யாரும் தொறக்கல."

மீன்காரப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"எந்த பெல்லு?"

"காலிங் பெல்லு."

"எங்க கீது? எனக்கும் காட்டு. இத்தினி வருசமா நான் பாத்ததேயில்ல."

அவர் என் வாசற்காலைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பக்கத்து வீட்டைப் பார்த்தார். சந்து முழுக்கப் பார்த்தாலும் புடவைத் திரைதான் ஆடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். ஒருத்தி தன் திரையைப் பிடித்து இழுத்து டிங் டாங் என்றாள். கோயில் மணியை அடித்துவிட்டுப் போயிருப்பார், அம்மன்தான் கதவு திறக்கவில்லை என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு கூத்து. எனக்கு அது போன வெள்ளிக்கிழமை.

அவர் அவசரமாக மூட்டைகளை இறக்கிவிட்டு, போனுக்கு வந்திருக்கும் நம்பரைச் சொல்லுங்கள் என்றார். அந்த நம்பரைச் சொன்னால்தான் அவர் வேலை முடிந்ததாகக் கணக்காகும். மீன்காரப் பெண் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வரலைன்னு சொல்லு. நீ வரவேயில்லைன்னு இவங்க கேக்க சொல்லு. அப்பால நம்பரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமை எண்ணூர் பக்கம் போனவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் எங்கள் சந்துக்கு வர முடியாது என்று ஆகிவிட்டது. ரோடு ஜாம், வரவில்லை என்று எழுதினால் தாமதம் அவர் தலையில் விழும், அவர் கூலியில் பிடிப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்று எழுதினால் யார் தலையிலும் விழாது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம் என்றார். யார் தலையிலும் விழாதாம். மணலியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்து, அதை மூடிய பிறகு இதற்கு வந்தவராம். அவருக்கும் வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் ஆத்திரம் அடங்கிவிடும் என்று யார் சொன்னது? அது அவரிடமிருந்து இன்னும் மேலே போனது. மேலே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான்.

எழுதியதை மாற்ற முடியுமா என்று கேட்டேன். போன வெள்ளிக்கிழமை ஆயா வீட்டில் இருந்தார் என்று போடச் சொன்னேன். அதை அழிக்க முடியாது ஆயா, எங்கள் கையில் இல்லை என்றார். நம்பரைச் சொன்னோம். போய்விட்டார். உடனே மீன்காரப் பெண்ணின் போனில் இன்னொன்று வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று.

கூட்டம் கலைந்தது. எதிர் வீட்டுக்காரி கையைக் கழுவிவிட்டு வந்து மூட்டையில் தேதியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது.

"சரி வுடு பெரிமா. அதான் சாமான் வந்துச்சே. தேதி முடிஞ்சா இன்னா, வர்ற ஞாயித்துக்கெழம இன்னொரு அண்டா ஊத்திரலாம்."

அவ்வளவுதான். சரி வுடு. நீ சொன்னது நிஜம்தான் பெரிமா, நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவள் வாயில் வரவில்லை. எனக்கு ஒன்று தோன்றியது, சொன்னேன். மைக்கில் பெரிய அண்டா என்று சொன்ன மாதிரி, போன வாரம் மாவு வாங்க நான் வீட்டில் இருந்தேன், அவன்தான் வரவில்லை என்பதையும் மைக்கில் சொல்லச் சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ கேட்டால் சிரிப்போமே அது.

"அதெல்லாமா மைக்ல சொல்லுவாங்க? நல்லா கேட்ட போ."

ஆனால் என்னைக் கை நீட்டிக் காட்டியது மைக் போட்ட கூட்டத்தின் முன்னால்தானே. திரும்பிப் போனவர்கள் வெளித்தெருக்காரர்கள். இந்தச் சந்தில் நடந்த சிரிப்பு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மனசில் நான் இன்னும் கதவு திறக்காத கிழவிதான். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு இப்போது பிள்ளை பிறந்திருக்கும். அவளுக்கும் நான் அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய அண்டாவில் கூழ் ஊற்றினார்கள். நன்றாகப் புளித்திருந்ததாம். என் பங்கு மாவையும் அதிலேயே போடச் சொல்லிவிட்டேன், அம்மனுக்குச் சொன்னதை நான் நிறுத்த முடியாது. ஆனால் நான் போகவில்லை. அன்றைக்கு என் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தில் யாரும் செய்யாத காரியம். நினைத்தபடியே நாலு பேர் வந்து வெளியே நின்று கூப்பிட்டார்கள். எதிர் வீட்டுக்காரியும் ஒரு சொம்பில் கூழோடு நின்று கூப்பிட்டாள். நான் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. அவர்கள் சொன்னதை ஒரு நாளாவது நிஜமாக்கிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் திறந்துவிட்டேன். அவளோடு பேசுகிறேன். முன்னைப் போல இல்லை.

மலிவு சாமான் இன்னமும் வாங்குகிறார்கள். இன்னமும் தாமதமாகத்தான் வருகிறது. என் அட்ரஸ் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கள் பக்கம் வந்தால் ஒரு உதவி செய்யுங்கள். நான் எழுதியதில் நாள் கிழமை முன்பின்னாக இருக்கலாம். கூழ் ஊற்றியது ஆடி இரண்டாவது ஞாயிறா மூன்றாவதா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கோயிலில் மைக் கட்டுகிறவரைக் கேட்டால் சொல்லுவார். மாவு மாதவரத்துக்கு முன்னால் வேறு எங்காவது நின்றதா என்பது மீன்காரப் பெண்ணுக்குத் தெரியும், சாயந்திரம் டோல்கேட்டில் இருப்பாள். வண்டிக்காரர் சொன்னதை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேனா என்று அந்த வேலை செய்கிற யாரையாவது கேளுங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள், எனக்கு வருத்தம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றியும் கேளுங்கள். எதிர் வீட்டில் கேளுங்கள், அவள் வாயால் என்ன சொல்கிறாள் என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.